கம்மி பட்ஜெட்ல கேமிங் பிசி: ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் எப்படி பாத்து வாங்கறது?

கேமிங் பிசி போடணும்னு முடிவு பண்ணதும் எல்லாரும் கேக்குற மொத கேள்வி "எந்த கிராபிக்ஸ் கார்டு நல்லா இருக்கும்?"தான், ஆனா அதுக்கு பதில் சொல்லணும்னா ரெண்டு விஷயம் தெரிஞ்சாகணும், நீங்க எந்த மாதிரி கேம் அதிகமா விளையாடுவீங்க, உங்க மானிட்டர் என்ன. வேலரண்ட் மட்டும் விளையாடுறவருக்கும் சைபர்பங்க் 2077 மாதிரி கேம் விளையாடுறவருக்கும் ஒரே காசுல போட வேண்டிய பிசி வேற வேற. இத யோசிக்காம யாரோ போட்ட லிஸ்ட்ட அப்படியே வாங்கிட்டு அப்புறம் ஏன் லேக் ஆகுதுன்னு தவிக்கிறவங்க நெறைய பேர், அவங்களுக்காகத்தான் இத கொஞ்சம் நிதானமா அடிப்படைல இருந்து எழுதுறேன்.

ஸ்கிரீன்ல ஓடுற கேம்ங்கறது வரிசையா வர்ற படங்கள்தான், ஒவ்வொரு படத்துக்கும் பேரு ஃப்ரேம், ஒரு செகண்டுக்கு எத்தன ஃப்ரேம் வருதோ அதுதான் எஃப்பிஎஸ். 60 எஃப்பிஎஸ் வேணும்னா ஒரு ஃப்ரேம ரெடி பண்ண கெடைக்கிற நேரம் சுமார் 16.7 மில்லிசெகண்ட், 144 வேணும்னா வெறும் 7 மில்லிசெகண்ட்கிட்ட. இந்த நேரத்துக்குள்ள ரெண்டு பேர் வேல முடிக்கணும். ப்ராசஸர் மேஸ்திரி மாதிரி, எதிரி எங்க நிக்குறான், சுட்ட குண்டு பட்டுச்சா, கதவு தெறந்திருக்கா, நெட்வொர்க்ல இருந்து என்ன வந்திருக்கு, எல்லாத்தையும் கணக்கு போட்டு "இந்த ஃப்ரேம்ல இதெல்லாம் வரையணும்"னு வேலைய பிரிச்சு குடுக்கும். கிராபிக்ஸ் கார்டுங்கறது ஆயிரக்கணக்கான ஆளுங்க ஒரே நேரத்துல வேல செய்யற கூட்டம், சொன்னத எடுத்து ஒவ்வொரு புள்ளியா கலர் அடிக்கும். 1080பி ஸ்கிரீன்ல 1920க்கு 1080, அதாவது 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளி இருக்கு, அத்தனையும் செகண்டுக்கு 60 தடவ வரையணும்னா எவ்ளோ வேலன்னு நீங்களே பாத்துக்கோங்க.

இவங்க ரெண்டு பேரும் ஒருத்தர் முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் சும்மா உக்காந்திருக்க மாட்டாங்க, கிராபிக்ஸ் கார்டு இந்த ஃப்ரேம வரைஞ்சிட்டு இருக்கும்போதே ப்ராசஸர் அடுத்த ஃப்ரேம் கணக்க ஆரம்பிச்சிடும். அதனால கடைசில எஃப்பிஎஸ்ஸ தீர்மானிக்கிறது ரெண்டுல யாரு லேட்டோ அவங்கதான். சும்மா கணக்குக்கு வெச்சுக்குவோம், ப்ராசஸருக்கு ஒரு ஃப்ரேமுக்கு 8 மில்லிசெகண்ட், கார்டுக்கு 20 மில்லிசெகண்ட் ஆகுது, அப்ப உங்களுக்கு கெடைக்கிறது 50 எஃப்பிஎஸ். கார்ட மாத்தி அது 10 மில்லிசெகண்ட்ல முடிச்சா 100 எஃப்பிஎஸ். இன்னும் பெரிய கார்டு போட்டு அது 5 மில்லிசெகண்ட்ல முடிச்சாலும் 200 வராது, ப்ராசஸர் 8 மில்லிசெகண்ட் எடுக்குறதால 125லயே நின்னுடும், மிச்ச நேரம் அந்த கார்டு சும்மா காத்துட்டு இருக்கும். பாட்டில்நெக் பாட்டில்நெக்குன்னு எல்லாரும் பயமுறுத்துறது இவ்ளோதான். எந்த பிசிலயும் ஏதோ ஒண்ணு லேட்டாத்தான் இருக்கும், அது தப்பு கெடையாது. இந்த ப்ராசஸரும் இந்த கார்டும் சேர்ந்தா இத்தன சதவீதம் பாட்டில்நெக்குன்னு ஒரு நம்பர் சொல்ற கால்குலேட்டர்கள நம்பாதீங்க, ஏன்னா கேம் மாறினா, ரெசல்யூஷன் மாறினா அந்த நம்பரே மாறிடும்.

இங்க ஒரு முக்கியமான விஷயம் இருக்கு, இந்த கட்டுரைல நான் சொல்ல வந்ததே இதுதான். கார்டு லேட்டா இருந்தா உங்க கையில வழி இருக்கு, நிழல கொறைக்கலாம், ரெசல்யூஷன கொறைக்கலாம், அல்ட்ரால இருந்து மீடியத்துக்கு எறங்கலாம், உடனே எஃப்பிஎஸ் ஏறும். ப்ராசஸர் லேட்டா இருந்தா செட்டிங்ஸ்ல பண்ண முடியறது ரொம்ப கம்மி, தெருவுல நடக்குற கூட்டத்த கொறைக்கிறது, தூரத்துல தெரியற பொருள கொறைக்கிறதுன்னு நாலஞ்சு ஆப்ஷன் இருக்கும், அதுவும் எல்லா கேம்லயும் இருக்காது. அதனால ப்ராசஸருக்கு ஒரு தரை வெச்சுக்கணும், அதுக்கு கீழ எந்த காரணத்துக்கும் போகக்கூடாது, ஆனா அந்த தரைய தொட்டாச்சுன்னா மிச்சம் இருக்குற காச கூசாம கிராபிக்ஸ் கார்டுல போடுங்க. பட்ஜெட் பிசிக்கு இத விட நல்ல ரூல் எனக்கு தெரியல.

அந்த தரை எங்க இருக்கு? இன்னைக்கு புதுசா வாங்குறவங்களுக்கு 6 கோர் 12 த்ரெட்ன்னு சொல்லுவேன், கோர்ங்கறது ப்ராசஸருக்குள்ள தனியா வேல செய்யற ஒரு ஆளு மாதிரி, த்ரெட்ங்கறது ஒரே நேரத்துல ஓட்ட முடியற வேல வரிச. 2020ல வந்த ப்ளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ரெண்டுலயும் ஏஎம்டியோட ஜென் 2 வகை கோர் 8 இருக்கு, பெரிய கேம் எல்லாம் அத மனசுல வெச்சுத்தான் செய்யறாங்க. இன்டெல் கோர் ஐ3 12100எஃப் மாதிரி 4 கோர் 8 த்ரெட் ப்ராசஸர் மட்டமான சாமான்னு சொல்ல மாட்டேன், ஒவ்வொரு கோரும் நல்ல வேகம், லைட்டான கேம்களுக்கு தாராளமா போதும், ஆனா பின்னாடி டிஸ்கார்டு, பிரவுசர், ரெக்கார்டிங்ன்னு ஓட விட்டீங்கன்னா புது கேம்ல அங்கங்க பொசுக்குன்னு நிக்கிற மாதிரி ஸ்டட்டர் வரும். சராசரி எஃப்பிஎஸ் நல்லா காட்டும், விளையாடும்போது மட்டும் எரிச்சலா இருக்கும், அதனாலதான் ரிவ்யூ பாக்கும்போது சராசரிய மட்டும் பாக்காம 1 பர்சன்ட் லோன்னு ஒரு நம்பர் போடுவாங்க பாருங்க, அதையும் சேத்து பாக்கணும், மோசமான நேரத்துல எவ்ளோ எறங்குதுன்னு அதுதான் காட்டும்.

அதுக்காக கோர் நெறைய இருந்தா நல்லதுன்னும் நெனச்சுக்காதீங்க. பழைய சர்வர்ல இருந்து கழட்டின ஜியான் ப்ராசஸர் 12 கோர், 14 கோர்ன்னு மலிவா கெடைக்கும், பாக்க ஆசையா இருக்கும். ஆனா பெரும்பாலான கேம்ல முக்கியமான வேல ஒண்ணு ரெண்டு த்ரெட்லதான் ஓடுது, அந்த ஒரு கோர் மெதுவா இருந்தா பக்கத்துல பத்து கோர் இருந்தும் உபயோகம் இல்ல. அதே மாதிரி கிகாஹெர்ட்ஸ் நம்பர வெச்சு பழைய ஜெனரேஷனையும் புது ஜெனரேஷனையும் ஒப்பிடவே கூடாது, புதுசு அதே கிகாஹெர்ட்ஸ்ல ஒவ்வொரு தடவையும் அதிக வேல முடிக்கும்.

இன்னொண்ணு கேஷ். ப்ராசஸருக்குள்ளயே இருக்குற சின்ன மெமரி, ரேம் வரைக்கும் போய்ட்டு வராம டேட்டாவ கையிலயே வெச்சுக்க உதவும், கேமுக்கு இது ரொம்ப பிடிக்கும். ஏஎம்டியோட ரைசன் 5 5600ல எல்3 கேஷ் 32 எம்பி. ரைசன் 5 5500ன்னு ஒண்ணு இருக்கு, பேர பாத்தா நூறுதான் வித்தியாசம், அதுவும் 6 கோர் 12 த்ரெட்தான், ஆனா கேஷ் 16 எம்பி, அதோட பிசிஐஇயும் (கார்டுக்கும் ப்ராசஸருக்கும் நடுவுல டேட்டா போற பாதை) 4.0க்கு பதிலா 3.0. ரைசன் 7 5700க்கும் 5700எக்ஸ்க்கும் நடுவுலயும் இதே கததான், எக்ஸ் இல்லாததுல 16 எம்பியும் பிசிஐஇ 3.0வும், எக்ஸ்ல 32 எம்பியும் 4.0வும். புது சாக்கெட்லயும் (சாக்கெட்னா போர்டுல ப்ராசஸர் உக்கார்ற எடம்) ரைசன் 5 8400எஃப்ல 16 எம்பி, 7500எஃப்ல 32 எம்பி, நம்பர் பெருசா இருக்கறது இங்க மெதுவானது. 5800எக்ஸ்3டில அந்த 3டிங்கறது ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின கேஷ குறிக்குது, மொத்தம் 96 எம்பி, அதனாலதான் கேம்ல அது அப்படி ஓடுது. கடைக்காரர் பேர மட்டும் சொன்னா போதாது, ஃபுல் மாடல் நம்பர வாங்கி கம்பெனி சைட்ல ஸ்பெக்ஸ் பாத்துட்டு காசு குடுங்க.

கடைசில வர்ற எழுத்துகளையும் தெரிஞ்சுக்கணும். இன்டெல்ல எஃப் இருந்தா உள்ள டிஸ்ப்ளே கெடையாது, கிராபிக்ஸ் கார்டு இல்லாம ஸ்கிரீனே வராது. கார்டு இப்பவே வாங்கறீங்கன்னா எஃப் நல்ல சாய்ஸ், காசு மிச்சம். ஆனா கார்டு ஆறு மாசம் கழிச்சுன்னு பிளான் இருந்தா எஃப் வாங்கிடாதீங்க. கே இருந்தா ஓவர்க்ளாக் பண்ணலாம், அதாவது கம்பெனி வெச்ச வேகத்துக்கு மேல ஓட்டலாம், பட்ஜெட்ல அது தேவையில்ல, கூட வேற கூலரும் வாங்கணும். ஏஎம்டில ஜி இருந்தா உள்ள கொஞ்சம் உருப்படியான கிராபிக்ஸ் இருக்குன்னு அர்த்தம், 5600ஜி, 8600ஜி மாதிரி. கார்டுக்கு இப்ப காசே இல்லன்னா இந்த ஜி ஒரு நல்ல ஆரம்பம், லைட்டான கேம் எல்லாம் 1080பில கொறஞ்ச செட்டிங்ஸ்ல விளையாடலாம். ஆனா அதுக்கு தனி மெமரி கெடையாது, ரேம்லதான் கை வைக்கும், அதனால 16 ஜிபி ஒரே குச்சியா போடாம 8 ஜிபி ரெண்டா போட்டு டூயல் சேனல்ல ஓட்டணும், இத பண்ணாட்டி அந்த ப்ராசஸரோட பாதி பலம் வீணா போகும். தனி கார்டு போட்டாலும் ரெண்டு குச்சிதான் நல்லது, ஜி சீரிஸ்ல அது உயிர் மாதிரி.

ப்ராசஸர் வாங்கும்போது கூடவே ஒரு சாக்கெட்டையும் வாங்கறீங்கங்கறது ஞாபகம் இருக்கட்டும். ஏஎம்டியோட ஏஎம்4 சாக்கெட் பழசு, டிடிஆர்4 ரேம், போர்டு மலிவு, ஆனா அதோட ஆட்டம் கிட்டத்தட்ட முடிஞ்சது. ஏஎம்5 2022ல வந்தது, டிடிஆர்5 மட்டும்தான் எடுக்கும், 2027 தாண்டியும் சப்போர்ட் இருக்கும்னு ஏஎம்டி சொல்லியிருக்காங்க, அதனால நாலு வருஷம் கழிச்சு ப்ராசஸர மட்டும் கழட்டி மாத்திக்கலாம். இன்டெல்ல 12, 13, 14வது ஜெனரேஷன் மூணுக்கும் ஒரே எல்ஜிஏ1700 சாக்கெட், போர்ட பொறுத்து டிடிஆர்4 இல்லன்னா டிடிஆர்5. ப்ராசஸர் வெலைய மட்டும் தனியா பாத்தா ஏமாந்துடுவீங்க, ரேம் வெல ஏறி எறங்கிட்டே இருக்கும், ப்ராசஸர், போர்டு, ரேம் மூணையும் கூட்டி வர்ற நம்பரத்தான் ஒப்பிடணும். வித்தியாசம் கொஞ்சம்னா ஏஎம்5ல 7500எஃப் இல்ல 7600, வித்தியாசம் அதிகமா இருந்தா ரைசன் 5 5600 இல்லன்னா 6 கோர் 12 த்ரெட் உள்ள கோர் ஐ5 12400எஃப், மிச்ச காசு கார்டுக்கு.

சரி, கார்டு. இங்க மொதல்ல பாக்க வேண்டியது வி-ரேம், அதாவது கார்டுலயே இருக்குற மெமரி. கேம்ல வர்ற சுவரு, முகம், துணி எல்லாத்தோட டெக்ஸ்சரும், அதாவது அது மேல ஒட்டற படமும், இதுக்குள்ளதான் இருக்கும். இடம் பத்தலன்னா கார்டு மதர்போர்டு வழியா போய் ரேம்ல இருந்து எடுத்துட்டு வரணும், அந்த வழி கார்டோட சொந்த மெமரிய விட ரொம்ப ரொம்ப மெதுவு, அதனால திடீர்னு ஸ்டட்டர் வரும், சில கேம்ல டெக்ஸ்சர் மங்கலாவே நின்னுடும். இன்னைக்கு 1080பிக்கு 8 ஜிபி கொறஞ்ச பட்சம், 12 ஜிபி இருந்தா நிம்மதி. 4 ஜிபி கார்ட புதுசா வாங்கறத நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஆனா ஜிபிய மட்டும் பாத்து வாங்கறதும் பெரிய பொறி. என்விடியாவோட ஜிடி 730ன்னு 2014ல வந்த கார்டு, அதுல 4 ஜிபி போட்டும் வித்தாங்க, சிப்பே மெதுவு, மெமரியும் மெதுவு, 4 ஜிபிய வெச்சு அது ஒண்ணும் பண்ண முடியாது. ஜிடி 1030ல ரெண்டு வகை இருக்கு, ஜிடிடிஆர்5 போட்டது செகண்டுக்கு 48 ஜிபி டேட்டா நகர்த்தும், டிடிஆர்4 போட்டது 17 ஜிபிகூட நகர்த்தாது, ரெண்டுக்கும் பேரு ஒண்ணுதான். அதே என்விடியாவோட ஆர்டிஎக்ஸ் 3050ல 8 ஜிபியும் 6 ஜிபியும் இருக்கு, 6 ஜிபில மெமரி மட்டும் கொறயல, கோரையும் கொறச்சிட்டாங்க, மெமரி பாதையும் 128 பிட்ல இருந்து 96 பிட் ஆயிடுச்சு. ஆர்டிஎக்ஸ் 3060லயும் அப்படித்தான், 12 ஜிபி உள்ளது 192 பிட், பின்னாடி வந்த 8 ஜிபி 128 பிட். ஒரே பேர்ல ரெண்டு சாமான் விக்கிறது வாங்குறவங்களுக்கு செய்யற அநியாயம்னுதான் நான் நெனைக்கிறேன், மாறாத வரைக்கும் நாமதான் டப்பா மேல இருக்குற சின்ன எழுத்த படிச்சாகணும்.

நம்பர படிக்கிறதும் எளிசுதான். ஆர்டிஎக்ஸ் 4060ல மொத 40 ஜெனரேஷன், பின்னாடி 60 அந்த ஜெனரேஷன்ல அது எந்த படின்னு சொல்லும். ஜெனரேஷன் புதுசா இருந்தா வேகம் அதிகம்னு கெடையாது, பழைய 3070 பெரும்பாலான கேம்ல 4060ஐ விட வேகமா ஓடும். ஆனா 4060 வெறும் 115 வாட்ல ஓடும், 3070க்கு 220 வாட் வேணும்.

கார்டுக்கும் ப்ராசஸருக்கும் நடுவுல இருக்குற பிசிஐஇ பாதையையும் சின்ன கார்டுல கவனிக்கணும். 2022ல வந்த ஏஎம்டியோட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டில 4 ஜிபி மெமரிதான், பாதையும் 4 லேன்தான், ரோட்டுல லேன் மாதிரி, கம்மியா இருந்தா டேட்டா கம்மியா போகும். பிசிஐஇ 4.0 போர்டுல அது செகண்டுக்கு சுமார் 8 ஜிபி, அதையே பிசிஐஇ 3.0ல போட்டா 4 ஜிபி ஆயிடும், மெமரி பத்தாம அடிக்கடி ரேமுக்கு ஓடுற கார்டுக்கு அந்த பாதையும் பாதியானா என்ன ஆகும்? பழைய பிசிக்கு ஏத்த சின்ன கார்டுன்னு நெனச்சு வாங்குறவங்கதான் இதுல அதிகமா அடிபடுவாங்க. ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 எல்லாம் 8 லேன், 8 ஜிபி மெமரிக்குள்ள கேம் அடங்குற வரைக்கும் பழைய போர்டுலயும் பெருசா பாதிப்பு தெரியாது.

எந்த கார்டுன்னு கேட்டா, மலிவா 1080பி விளையாட ஆர்எக்ஸ் 6600 ரொம்ப நாளா நம்பகமான சாய்ஸ், 132 வாட்தான் எடுக்கும். கொஞ்சம் மேல போனா ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600. 2024 கடைசில வந்த இன்டெல் ஆர்க் பி580ல 12 ஜிபி இருக்கு, காசுக்கு நல்ல கார்டு, ஆனா ப்ராசஸர் கார்டோட மெமரி முழுசையும் ஒரே தடவைல அணுக விடற ரீசைசபிள் பார்ங்கற செட்டிங் பயாஸ்ல (மதர்போர்டுக்குள்ள இருக்குற அடிப்படை செட்டிங்ஸ்) ஆன்ல இருந்தே ஆகணும், அதோட அந்த கார்டோட டிரைவர் ப்ராசஸருக்கு கொஞ்சம் அதிகமா வேல வைக்கும், ரைசன் 5 2600 மாதிரி பழைய ப்ராசஸரோட போட்டா ரிவ்யூல பாத்த எஃப்பிஎஸ் வராது. புது ப்ராசஸர்னா தைரியமா பாக்கலாம். இன்னும் காசு இருந்தா 2025ல வந்த ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, அதுலயும் 8, 16ன்னு ரெண்டு இருக்கு, 16 எடுங்க.

இங்க ரிவ்யூ பத்தி ஒண்ணு சொல்லணும். ப்ராசஸர் ரிவ்யூ பண்றவங்க இருக்கறதுலயே பெரிய கார்ட போட்டு 1080பிலதான் டெஸ்ட் பண்ணுவாங்க, ஏன்னா கார்டு தடையா இல்லாம ப்ராசஸரோட வித்தியாசம் மட்டும் தெரியணும். அதுல ஒரு ப்ராசஸர் 180 எஃப்பிஎஸ்ஸும் இன்னொண்ணு 140ம் காட்டும், அத பாத்து நீங்க வெல அதிகமான ப்ராசஸர வாங்கி ஆர்எக்ஸ் 6600 கூட போட்டீங்கன்னா கார்டு ஹெவியான கேம்ல 70லயே நிக்கும், ரெண்டு ப்ராசஸருக்கும் ஒரே நம்பர்தான் வரும். 4கேல புள்ளிகள் 1080பிய விட சரியா 4 மடங்கு, கார்டு வேல எகிறும், ப்ராசஸர் வேல கிட்டத்தட்ட மாறாது. அதனால மானிட்டரோட ரெசல்யூஷன் ஏற ஏற கார்டு முக்கியம், ஹெர்ட்ஸ், அதாவது மானிட்டர் செகண்டுக்கு எத்தன தடவ படத்த மாத்தும்ங்கறது, ஏற ஏற ப்ராசஸர் முக்கியம்.

வேலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி கேம்ல வரையற வேல கம்மி, ஆனா ஜனங்க 144, 240 எஃப்பிஎஸ் எதிர்பாக்குறாங்க, அதனால ப்ராசஸரும் கேஷும் அங்க பேசும், கார்டு சுமாரா இருந்தா போதும். சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் மாதிரி ஊரு கட்டற கேம்ல ஜனத்தொக ஏற ஏற ப்ராசஸர்தான் மூச்சு வாங்கும். கதை சொல்ற பெரிய ஓப்பன் வேர்ல்டு கேம் எல்லாம் கார்ட சாப்பிடும். ரெண்டும் கலந்து விளையாடுறவங்க 6 கோர் ப்ராசஸர் போட்டு, ப்ராசஸர் வெலைய விட ஒன்றரையில இருந்து ரெண்டு மடங்கு வரைக்கும் கார்டுக்கு ஒதுக்கினா ஏறக்கொறய சரியா அமையும்.

உங்ககிட்ட ஏற்கனவே ஒரு பிசி இருந்து எத மாத்தறதுன்னு குழப்பமா இருந்தா காசே செலவில்லாம ஒரு டெஸ்ட் இருக்கு. கேம்ல எஃப்பிஎஸ்ஸ பாத்துக்கோங்க, ரெசல்யூஷன நல்லா கொறச்சு அதே எடத்துல மறுபடி பாருங்க. எகிறினா கார்டுதான் லேட், கார்ட மாத்தலாம். அசையலன்னா ப்ராசஸர்தான் லேட், எவ்ளோ பெரிய கார்டு வாங்கினாலும் அதே நம்பர்தான் வரும். கார்டு யூசேஜ் 95க்கு மேலயே இருந்தாலும் கார்டுதான்னு புரிஞ்சுக்கலாம். ப்ராசஸர் யூசேஜ் 40 பர்சன்ட்தானேன்னு மட்டும் முடிவுக்கு வராதீங்க, அது எல்லா கோரோட சராசரி, ஒரே ஒரு கோர் முழுசா மாட்டிட்டு இருந்தாலும் மொத்தம் கம்மியாத்தான் காட்டும்.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் பத்தி நெறைய கேள்விப்பட்டிருப்பீங்க. கம்மி ரெசல்யூஷன்ல வரைஞ்சு அத பெருசாக்கி காட்டற வேல, கார்டோட சுமைய கொறைக்கும், ப்ராசஸர் சுமைய கொறைக்காது. டிஎல்எஸ்எஸ் ஆர்டிஎக்ஸ் கார்டுக்கு மட்டும்தான். ஃப்ரேம் ஜெனரேஷன் வேற, அது நடு நடுவுல கார்டே உருவாக்கின ஃப்ரேம சொருகும், பாக்க வழவழன்னு இருக்கும் ஆனா மவுச அசைச்சா ஏற்கனவே இருந்த வேகத்துலதான் கேம் பதில் சொல்லும், அடிப்படைல 60 கிட்ட வராத பிசிக்கு அது மருந்து ஆகாது. வெளிச்சம் எப்படி பட்டு தெறிக்குதுன்னு கணக்கு போட்டு வரையற ரே ட்ரேசிங்குக்காக பட்ஜெட் பிசில கூடுதலா காசு போடாதீங்கன்னுதான் சொல்லுவேன், ஆனா 2025ல வந்த டூம் தி டார்க் ஏஜஸ் மாதிரி சில கேம் ரே ட்ரேசிங் ஹார்ட்வேர் இல்லாத கார்டுல ஓடவே ஓடாது, ஜிடிஎக்ஸ் 1660, ஆர்எக்ஸ் 5700 எல்லாம் அந்த வரிசைல வரும், செகண்ட் ஹேண்ட் பாக்குறவங்க இத கணக்குல எடுத்துக்கணும்.

செகண்ட் ஹேண்ட்ல நல்ல கார்டு கெடைக்கும், பட்ஜெட்டுக்கு அதுதான் பெரிய பலம்கூட, ஆனா கண்ணு முன்னாடி கேம் ஒண்ணு அரை மணி நேரமாவது ஓட விட்டு, ஃபேன் சத்தம், சூடு, ஸ்கிரீன்ல கோடு புள்ளி எதாவது வருதான்னு பாத்துட்டு வாங்குங்க. பழைய கார்டுக்குள்ள இருக்குற பயாஸ மாத்தி புது கார்டு பேர்ல விக்கிறவங்களும் இருக்காங்க, ஜிபியு-இசட்ங்கற இலவச சாப்ட்வேர்ல போட்டு பாத்தா போலின்னா அதுவே பேருக்கு முன்னாடி காட்டிடும்.

பவர் சப்ளைல காச மிச்சம் பிடிக்காதீங்க. மதர்போர்டு ஸ்லாட்ல இருந்து 75 வாட், ஒரு 8 பின் கேபிள்ல இருந்து 150 வாட் வரைக்கும் கார்டு எடுக்கலாம். பேர் தெரியாத மலிவு சப்ளை ஒண்ணு போச்சுன்னா தனியா போகாது, கூட கார்டையும் இழுத்துட்டு போகலாம். பழைய ஆபீஸ் பிசில அந்த 8 பின் கேபிளே இருக்காது, அங்க தனி கேபிள் இல்லாத 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி மாதிரி கார்டுதான் வழி, மேல அத கொற சொன்னேன், ஆனா இந்த ஒரு எடத்துக்கு அது பொருத்தமான கார்டு.

எல்லாம் மாட்டி முடிச்சதும் மானிட்டர் கேபிள மதர்போர்டுல குத்தாம கிராபிக்ஸ் கார்டுல குத்துங்க, மதர்போர்டுல குத்தினா வாங்கின கார்டு வேலைக்கே வராம போகலாம், எஃப் ப்ராசஸர்னா ஸ்கிரீனே வராது. பயாஸ்குள்ள போய் எக்ஸ்எம்பி, ஏஎம்டி டிடிஆர்5ன்னா எக்ஸ்போ, அத ஆன் பண்ணுங்க, இல்லன்னா ரேம் டப்பால போட்ட வேகத்த விட கம்மிலயே ஓடும். அப்புறம் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேக்குள்ள ரெஃப்ரெஷ் ரேட்ட பாருங்க, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியும் பல தடவ அது 60லயே நிக்கும், கையால மாத்தி விடணும்.